தொலைவிலிருந்து வீடு வரும் காட்டு இறைச்சி: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

முக்கியச் செய்திகள்

• தமிழ்நாட்டில் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதும், அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும், எடுத்துச் செல்வதும் குற்றமாகும். காட்டுப்பன்றி குறித்த அண்மைக்கால அரசு முடிவு இந்நிலையை மாற்றவில்லை.
• காட்டு இறைச்சி எந்தக் கால்நடை மருத்துவரின் ஆய்வுக்கும் உட்படாமல், பெரும்பாலும் குளிர்வசதியும் இன்றி நெடுந்தொலைவு வருகிறது. நோயுற்றவருக்கு ஊட்டம் தரும் என்று கொண்டுவரப்படும் அவ்விறைச்சியால் மிகுதியான தீங்கு நேர்வதும் நோயுற்றவருக்கே.
• எவரேனும் அத்தகைய இறைச்சியை உண்டோ, அறுத்தோ, கழுவியோ இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. சரியான நோயறிதலுக்கு அத்தகவல் இன்றியமையாதது.

இப்போது இவ்விளக்கம் ஏன்?

விளைநிலங்களில் காட்டுப்பன்றிகளால் ஏற்படும் சேதம் குறித்து விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வந்தனர். இதன் தொடர்ச்சியாக, 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் அவற்றைப் பிடித்து மீண்டும் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை மட்டும் வனத்துறையினர் சுடலாம்.

"காட்டுப்பன்றியைச் சுட அனுமதி" என்ற சுருக்கமான வடிவில் இச்செய்தி பரவும்போது, அவ்விறைச்சியை வாங்கலாம், உறவினர் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்ற தவறான எண்ணம் தோன்றக்கூடும். மேற்கண்ட அனுமதி வனத்துறைக்கு உரியது. பொதுமக்கள் எவருக்கும் சுடும் உரிமையையோ இறைச்சியின்மீது உரிமையையோ அது வழங்கவில்லை.

ஆரணி போன்ற நெசவு ஊர்களுக்கு இது தொலைவான செய்தியன்று. ஆரணிக்கு மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் உள்ளது. குழித்தறியில் நாள்தோறும் பல மணி நேரம் அமர்ந்து பட்டு நெய்வோரிடையே இடுப்புவலி, மூட்டுவலி, மூலம் ஆகிய தொல்லைகள் இருக்கும் நிலையில், "காட்டுக்கறி உண்டால் குணமாகும்" என்று யாரேனும் கூறுவதும், உறவினர் அன்பின் பேரில் அதைத் தேடிக் கொண்டுவருவதும் நிகழக்கூடியவையே. அந்த அன்பு நோயாளிக்குத் தீங்காக முடியாதிருக்க வேண்டும் என்பதே இவ்விளக்கத்தின் நோக்கம்.

சட்டம் கூறுவது என்ன?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, காட்டு விலங்கு வேட்டையைத் தடை செய்கிறது. வேட்டையாடப்பட்ட விலங்கும் அதன் இறைச்சியும் அரசின் உடைமையாகும். இச்சட்டம் 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பராமரிப்போர் இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, தண்டனை. உடும்பு, எறும்புத்தின்னி, மயில் முதலிய முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படும். காட்டுப்பன்றி முதலிய ஏனைய பாதுகாக்கப்பட்ட விலங்குகள் தொடர்பான குற்றங்களுக்கு 3 ஆண்டுகள் வரை சிறையோ, 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இரண்டாவது, மெய்ப்பிக்கும் பொறுப்பு. காட்டு விலங்கின் இறைச்சி ஒருவரிடம் இருந்தது நிறுவப்பட்டால், அது சட்டப்படி வந்தது என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும். "யாரோ கொடுத்தனுப்பினார்கள்" என்ற விடை போதுமானதாகாது.

மூன்றாவது, வாகனம். குற்றத்துக்குப் பயன்படுத்தப்பட்ட வாகனத்தைப் பறிமுதல் செய்யச் சட்டம் இடமளிக்கிறது.

தோலும் தலையும் நீக்கப்பட்டபின் ஓர் இறைச்சி எந்த விலங்கினுடையது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய இயலாது. 2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து வந்த தொடர்வண்டி வழியாகச் சென்னை எழும்பூர் நிலையத்தை அடைந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சி நாய் இறைச்சி என்று ஐயுறப்பட்டுப் பெரும் பரபரப்பு எழுந்தது. கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்குப் பின்னரே அது ஆட்டிறைச்சி என்று தெளிவாயிற்று. ஆகவே, "மான்கறி", "முயல்கறி" என்று கூறி ஒருவர் தரும் பொட்டலத்தில் உண்மையில் என்ன உள்ளது என்பதைப் பெறுபவர் அறிய வழியில்லை.

ஆய்வின்றி வரும் இறைச்சியில் உள்ள தீங்குகள்

உரிய அறுவைக்கூடத்தில் ஓர் ஆடு அறுக்கப்படுவதற்கு முன் அது நோயுற்றுள்ளதா என்று பார்க்கப்படுகிறது. அறுத்தபின் ஈரல், நுரையீரல், நிணநீர்க் கட்டிகள் ஆகியவை ஆராயப்படுகின்றன. காட்டில் கொல்லப்பட்ட விலங்குக்கு இவ்விரு ஆய்வுகளும் இல்லை. வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஐரோப்பிய நாடுகளிலும், விற்பனைக்கு வரும் காட்டுப்பன்றி இறைச்சி ட்ரைக்கினெல்லா புழுவுக்கான ஆய்வக சோதனைக்குப் பின்னரே அனுமதிக்கப்படுகிறது.

அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ்: 2022ஆம் ஆண்டில் கேரளத்தின் அதிரப்பள்ளி வனப்பகுதியில் இறந்து கிடந்த காட்டுப்பன்றிகளில் இந்நோய் உறுதி செய்யப்பட்டது. இக்கிருமியின் விதைவடிவம் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். சாதாரணக் கொதிநிலையில் அது உடனே அழிவதில்லை. நோயுற்ற விலங்கை உரிப்பவர், அறுப்பவர், கழுவுபவர் ஆகியோரின் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே தொற்று நுழையலாம். சமைப்பதற்கு முன்பே தீங்கு நிகழ்ந்துவிடுகிறது என்பது இதன் பொருள்.

ட்ரைக்கினெல்லா புழு: உத்தராகண்ட் மலைப்பகுதியில் காட்டுப்பன்றி இறைச்சி உண்டவர்களிடையே இந்நோய் பரவியது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. அரைவேக்காட்டு இறைச்சியிலுள்ள புழுவின் இளம்பருவம் குடலிலிருந்து தசைகளுக்குச் சென்று தங்குகிறது.

புருசெல்லா கிருமி: காட்டுப்பன்றி முதலிய விலங்குகளின் இரத்தத்தையும் உள்ளுறுப்புகளையும் வெறுங்கையால் தொடுவோருக்கு இது தொற்றலாம். வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி, முதுகுவலி ஆகியவை இதன் அறிகுறிகள்.

ஈயமும் வெடிபொருளும்: நாட்டுத் துப்பாக்கியின் ஈயக்குண்டுகள் உடலுக்குள் நுண்ணிய துகள்களாகச் சிதறுகின்றன. குண்டை எடுத்துவிட்டாலும் துகள்கள் இறைச்சியில் தங்கும். புளிப்புப் பொருள்களுடன் சமைக்கும்போது ஈயம் கூடுதலாகக் கரையக்கூடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை, தீங்கற்றது என்று கருதத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அவுட்டுக்காய் எனப்படும் வெடியால் கொல்லப்பட்ட விலங்கின் இறைச்சியில் வெடிமருந்தின் எச்சமும் கலந்திருக்கலாம்.

பன்றி வளர்ப்போரும் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். முதுமலைப் பகுதியில் இறந்த காட்டுப்பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உறுதியானது. இந்நோய் மனிதரைத் தாக்குவதில்லை. ஆயினும் இறைச்சி, ஆடை, காலணி, வாகனம் ஆகியவற்றின் வழியே புதிய ஊர்களுக்குப் பரவி, வளர்ப்புப் பன்றிகளைக் கொன்றுவிடும்.

பயண நேரத்தில் நிகழ்வது என்ன?

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். ஏற்ற சூழலில் சில வகைக் கிருமிகள் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன. அவ்வாறாயின் ஒரு கிருமி 1 மணி நேரத்தில் 8 ஆகும். 3 மணி நேரத்தில் 512 ஆகும். 4 மணி நேரத்தில் 4,000ஐத் தாண்டும். வட மாவட்டங்களின் கோடையில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாள்களில், பேருந்தின் இருக்கைக்கு அடியிலோ இருசக்கர வாகனத்தின் பெட்டியிலோ வைக்கப்பட்ட பாலித்தீன் பை இப்பெருக்கத்துக்கு மிகவும் ஏற்ற இடமாகும்.

வேட்டை இறைச்சிக்கு இதனினும் கூடுதலான இடர் உண்டு. குண்டோ வெடியோ குடலைக் கிழித்திருந்தால் குடற்கிருமிகள் இறைச்சி முழுவதும் பரவியிருக்கும். இரவில் கொல்லப்பட்டு, மறைவிடத்தில் வைக்கப்பட்டு, விடிந்தபின் பங்கிடப்படும் இறைச்சி எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்பதைப் பெறுபவர் அறியார். சட்டத்துக்கு அஞ்சி மறைத்துக் கொண்டுவரப்படுவதால் குளிர்வசதியும் அமைவதில்லை.

நகருக்குள்ளேயே கிடைக்கும் உணவிலும் எச்சரிக்கை தேவை என்பதை ஆரணி மக்கள் அறிவர். 2021 செப்டம்பரில் இந்நகரின் ஓர் உணவகத்தில் இறைச்சி உணவு உண்ட பலர் வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 10 வயதுச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார். உரிமமும் கண்காணிப்பும் உள்ள இடத்திலேயே இத்தகைய துயரம் நிகழக்கூடுமெனில், எவ்விதக் கண்காணிப்பும் இல்லாத வழியில் வரும் இறைச்சி குறித்து விரித்துரைக்கத் தேவையில்லை.

நன்கு வேகவைத்தால் போதாதா?

முழுமையாக வேகவைப்பது பெரும்பாலான கிருமிகளையும் புழுக்களையும் அழிக்கும். ஆயினும் அது அனைத்துக்கும் தீர்வாகாது.

• சில கிருமிகள் பெருகும்போது வெளியிடும் நச்சு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. இறைச்சி கெட்ட நாற்றமின்றி இருக்கும்போதும் அந்நச்சு இருக்கலாம்.
• ஈயம் எவ்வளவு நேரம் சமைத்தாலும் நீங்காது.
• குளிர்பதனப் பெட்டி கிருமிகளின் பெருக்கத்தைக் குறைக்குமேயன்றி அவற்றைக் கொல்லாது. காட்டு விலங்குகளில் காணப்படும் ட்ரைக்கினெல்லா வகைகளுள் சில, உறைய வைத்தாலும் பிழைத்திருக்கும்.
• உப்புக்கண்டம் போடுதல், வெயிலில் உலர்த்தல், புகையூட்டல் ஆகியவற்றையும் புழுவை அழிக்கும் வழிகளாக நம்ப இயலாது. மேலும், உப்புக்கண்டத்திலுள்ள மிகுதியான உப்பு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோருக்குத் தனியாகவே கேடு தரும்.

"காட்டுக்கறி மருந்தாகும்" என்ற நம்பிக்கை

காட்டுப்பன்றி இறைச்சி மூலத்தைக் குணப்படுத்தும், உடும்புக்கறி இடுப்புக்கு வலுவூட்டும், முயல் இரத்தம் முடியை வளர்க்கும் என்பன போன்ற நம்பிக்கைகள் வழக்கில் உள்ளன. இவற்றுக்கு ஏற்கத்தக்க அறிவியற் சான்று இல்லை.

மூல நோய்க்கு நார்ச்சத்துள்ள உணவு, போதிய நீர், நெடுநேரம் தொடர்ந்து அமராமை, மருத்துவர் பரிந்துரைக்கும் சிகிச்சை ஆகியவையே பயன் தரும். காரமும் கொழுப்பும் மிகுந்த, நார்ச்சத்தே இல்லாத இறைச்சிக் குழம்பு மலச்சிக்கலைக் கூட்டி நோயை மிகைப்படுத்தக்கூடும். நெசவாளரின் இடுப்புவலிக்குத் தறியில் அமரும் நிலையைச் சீராக்குதல், இடையிடையே எழுந்து நடத்தல், இயன்முறைப் பயிற்சி ஆகியவை உதவும். உடல் தேற வேண்டியவருக்குத் தேவையான புரதத்தை முட்டை, பால், பருப்பு, கடலை, மீன், கோழி, ஆட்டிறைச்சி ஆகியவற்றிலிருந்தே பெறலாம். சிறுநீரக நோயாளிகள் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

எவருக்கு இடர் மிகுதி?

• கருவுற்ற பெண்கள்: அரைவேக்காட்டு இறைச்சி வழியே வரும் டாக்சோபிளாஸ்மா தொற்று கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கலாம். காட்டுப்பன்றி, மான் ஆகியவற்றின் இறைச்சி வழியாகப் பரவக்கூடிய ஹெப்படைட்டிஸ் இ தொற்றும் கருவுற்றோருக்குக் கடுமையாகலாம்.
• 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள்: நீரிழப்பும் ஈயத்தின் பாதிப்பும் இவர்களை விரைந்து தாக்கும்.
• முதியோர், நீரிழிவு நோயாளிகள், கல்லீரல் மற்றும் சிறுநீரக நோயாளிகள்.
• புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர்.

"உடம்பு தேறட்டும்" என்று பிறர் இறைச்சி கொண்டுவந்து தருவதும் பெரும்பாலும் இவர்களுக்கே என்பதைப் பராமரிப்போர் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே உண்டிருந்தால் அல்லது கையாண்டிருந்தால்

அச்சப்படவும் வேண்டா, அலட்சியமும் வேண்டா. உண்ட நாள், விலங்கின் பெயர், அறுத்தவர், உண்டவர் ஆகிய விவரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளவும். மீதமுள்ள இறைச்சியை உண்ணவோ, அண்டை வீட்டாருக்குத் தரவோ, நாய்களுக்கு இடவோ, ஆற்றிலும் குப்பையிலும் எறியவோ கூடாது. அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும்.

அறிகுறிகள் தோன்றும் காலம் நோய்க்கு நோய் வேறுபடும்.

• சில மணி நேரம் முதல் 3 நாள்கள் வரை: வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, காய்ச்சல். இவை பொதுவான உணவு நச்சேற்றத்தின் அறிகுறிகள்.
• 1 முதல் 7 நாள்கள்: கையிலோ முகத்திலோ அரிப்புடன் தோன்றி, வலியின்றி நடுவில் கருமையாகும் புண். இது அடைப்பான் நோயாக இருக்கலாம்.
• 1 முதல் 8 வாரங்கள்: காய்ச்சல், கண்ணிமை வீக்கம், கடும் தசைவலி. இவை ட்ரைக்கினெல்லா நோயைக் குறிக்கலாம்.
• வாரங்கள் முதல் மாதங்கள் வரை: விட்டுவிட்டு வரும் காய்ச்சல், முதுகுவலி. இவை புருசெல்லா தொற்றைக் குறிக்கலாம்.

கடைசி இரண்டு நிலைகளில் நெசவாளர் குடும்பங்கள் தனிக்கவனம் செலுத்த வேண்டும். தசைவலியும் முதுகுவலியும் தறியில் அமர்ந்ததால் வந்தவை என்று எண்ணி வலி மாத்திரையுடன் நாள்களைக் கடத்திவிட நேரும். மருத்துவரும், இறைச்சி பற்றிய தகவல் கூறப்படாதவரை, அரிதான இந்நோய்களை ஐயுறக் காரணம் இராது. வழக்குக்கு அஞ்சி உண்மையை மறைப்பதால் சிகிச்சை தாமதமாகிறது. மருத்துவர் வினவுவது நோயறிவதற்காகவே. நோயாளியின் தகவல்களை இரகசியமாகப் பேணுவது மருத்துவ நெறியாகும். பிறருக்கும் தொற்று பரவக்கூடிய நிலையிலோ சட்டம் கோரும்போதோ உரிய அலுவலர்களுக்குத் தெரிவிக்க நேரிடலாம். அவ்வாறு தெரிவிப்பது, உடன் உண்ட ஏனையோரைக் காக்கவும் உதவும். அடைப்பான், புருசெல்லா, ட்ரைக்கினெல்லா ஆகிய மூன்றுக்கும் மருந்துகள் உள்ளன. தொடக்கத்திலேயே அளிக்கப்படும்போது அவை நன்கு பயன் தரும்.

சட்டப்படியான இறைச்சியைத் தொலைவிலிருந்து கொண்டுவரும்போது

குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டியபின் இறைச்சியை வெளியூரிலிருந்து வீட்டுக்கு எடுத்து வருவது பல குடும்பங்களின் வழக்கம். அதற்கும் பின்வருவன பொருந்தும்.

• நலமுள்ள விலங்கையே தேர்ந்தெடுக்கவும். தானாக இறந்த விலங்கின் இறைச்சியை எக்காரணத்தாலும் பயன்படுத்தக் கூடாது.
• அறுத்த இறைச்சியைச் சூடு அடங்குமுன் பெருங்குவியலாகப் பையில் அடைக்க வேண்டா. சிறு பகுதிகளாகப் பிரித்து, கசியாத இரட்டைப் பைகளில் இட்டு, ஐஸ் பெட்டியில் பனிக்கட்டிக்கு இடையே அடுக்கவும்.
• ஐஸ் பெட்டி இல்லையெனில் 2 மணி நேரத்துக்குள் சமைக்கவோ குளிர்பதனப் பெட்டியில் வைக்கவோ வேண்டும். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் 1 மணி நேரமே அளவு. அதற்குள் வீடு சேர இயலாதெனில் அங்கேயே சமைத்து, உண்டு முடிப்பது நல்லது.
• பச்சை இறைச்சியைப் பிரசாதம், பழம், சமைத்த உணவு ஆகியவற்றுடன் ஒரே பையில் வைக்கக் கூடாது.
• பனிக்கட்டி முழுவதும் உருகி, இறைச்சி வெதுவெதுப்பாக இருந்து, எவ்வளவு நேரமாயிற்று என்பதும் தெரியாவிடில், அதை நோயாளிக்குச் சமைக்க வேண்டா.
• முயலோ காடையோ விரும்பினால், பண்ணையில் வளர்க்கப்பட்ட முயலையும் ஜப்பானியக் காடையையும் உரிமம் பெற்ற கடையில் வாங்கி, பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளவும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், மயக்கம், மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கருமையான புண், 3 நாள்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதிக்கக் கூடாது. கருவுற்றோர், குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோரை முதல் அறிகுறியிலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வழியில் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகத் தரவும். மருத்துவர் கூறாமல் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகளையோ எஞ்சிய பழைய ஆன்டிபயாடிக் மருந்துகளையோ தர வேண்டா.

ஆரணிப் பகுதியினர் ஆரணி அரசு மருத்துவமனையையும், உயர் சிகிச்சைக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். அவசர ஊர்திக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104.

இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகின்றன. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.